சம்பளம் வந்த அன்னிக்கே இஎம்ஐ பவுன்ஸ்: சர்வருக்குள்ள நடக்கிற குழாயடிச் சண்டை



போன வீடியோல, "அக்கவுன்ட்ல சம்பளம் வர வேண்டிய அதே நாள்ல இஎம்ஐ எப்படி பவுன்ஸ் ஆகுது?"ன்னு பேசினோம். அதுல பாதிதான் சொல்ல முடிஞ்சது. மீதி பாதி கொஞ்சம் டெக்னிக்கல். கேமரா முன்னாடி நின்னு "ட்ரிக்கர், ப்ரொசீஜர், லாக்"னு ஆரம்பிச்சா நீங்க ஸ்கிப் பண்ணிட்டுப் போயிடுவீங்கன்னு எனக்குத் தெரியும். அதனால அதை இங்க எழுதறேன். பொறுமையாப் படிங்க. உங்க பணத்தோட நேரடித் தொடர்பு உள்ள விஷயம் இது.

முதல்ல ஒரு ஒப்புதல் வாக்குமூலம். இந்தச் சேனல் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நான் டேட்டாபேஸ் வேலை பார்த்தவன். ஒரு பெரிய கம்பெனியோட சம்பள சாஃப்ட்வேர். மொத்தம் 7,200 பேருக்குச் சம்பளம் போகும். அதுல நான் எழுதின ஒரு ட்ரிக்கரால ஒரு மாசம் 7,200 பேருக்கும் சம்பளம் லேட். அதுல எத்தனை பேருக்கு இஎம்ஐ பவுன்ஸ் ஆச்சுன்னு எனக்கு முழுக் கணக்கு தெரியாது. ஒருத்தர் கணக்கு மட்டும் நல்லாத் தெரியும். எங்க தளத்துல ஆபீஸ் அசிஸ்டென்டா இருந்த அண்ணன். மறுநாள் காலைல டீ கொண்டு வந்து வச்சுட்டு, போனை நீட்டினார். "தம்பி, இது என்னன்னு பாருங்களேன்."

பைக் லோன். மாசம் 4,200 ரூபாய் இஎம்ஐ. தேதி 5. காலைல அக்கவுன்ட்ல இருந்தது 1,100 ரூபாய். மேண்டேட் வந்து திரும்பிப் போயிருக்கு. அவரோட வங்கி 500 ரூபாயும் அதுக்கு 18% ஜிஎஸ்டியும் சேர்த்து 590 எடுத்துக்கிச்சு. கடன் கொடுத்த கம்பெனி தன் பங்குக்கு இன்னொரு 590 போட்டுச்சு. ஆக 1,180 ரூபாய். 4,200 ரூபாய் தவணைக்கு இது கிட்டத்தட்ட 28%. இந்தக் கட்டணம் வங்கிக்கு வங்கி மாறும், ஆனா ரெண்டு பக்கமும் வெட்டு விழறது நிறைய இடத்துல உண்டு.

மதியம் 12 மணிக்கு அவர் சம்பளம் வந்துடுச்சு. அதாவது அவர் தப்பு எதுவுமே இல்ல. சம்பளம் தேதி 5, இஎம்ஐ தேதி 5. நடுவுல நான் எழுதின ட்ரிக்கர் குறுக்க படுத்துக்கிச்சு.

எங்க ஊரு குழாயடி

இதைப் புரிய வைக்க உங்களைப் பாளையம்பட்டிக்குக் கூட்டிட்டுப் போகணும். அருப்புக்கோட்டையை ஒட்டின எங்க ஊரு. கரிசல் காடு, தறிச் சத்தம், மல்லிகைப்பூ, இதெல்லாம் இருக்கும். தண்ணி மட்டும் இருக்காது. நான் சின்னப் பையனா இருந்தப்ப தெருக்குழாய்ல தண்ணி வர்ற அன்னிக்குத் தெருவே விசேஷ வீடு மாதிரி இருக்கும். குடம் வரிசையா நிக்கும், ஆளு நிழல்ல உட்கார்ந்திருக்கும்.

ஆரம்பத்துல ஒரு ஏற்பாடும் கிடையாது. முன்னாடி வந்தவங்க பிடிக்கிற வரைக்கும் பிடிப்பாங்க. நல்ல மனசுக்காரங்க ரெண்டு குடத்தோட நகர்ந்துக்குவாங்க. சிலர் பன்னண்டு குடம், அண்டா, போதாதுன்னு வாளி. பின்னாடி நிக்கிறவங்க வாய்ல என்ன வரும்னு சொல்லவே வேணாம். அப்புறம் எங்க அப்பத்தா மாதிரி நாலு பெரியவங்க சேர்ந்து ஒரு வழி பண்ணாங்க. ஆளுக்கு ரெண்டு குடம். ரெண்டு நிறைஞ்சதும், நீ கேட்டாலும் கேக்காட்டாலும் உன் குடத்தைத் தள்ளி வச்சுட்டு அடுத்தவங்க குடத்தை வைப்பாங்க. "ஏத்தா, மறுபடியும் வேணும்னா கடைசில போயி நில்லு." அம்புட்டுதான்.

கம்ப்யூட்டர்லயும் இந்த ரெண்டு முறையும் உண்டு. தானா மனசு வந்து விட்டுக் கொடுக்கிற முதல் முறைக்குப் பேரு கோஆபரேட்டிவ் மல்டிடாஸ்கிங். கேக்காமலே நிறுத்தி அடுத்தவங்களுக்குக் கொடுக்கிற ரெண்டாவது முறைக்குப் பேரு ப்ரீஎம்ப்டிவ் மல்டிடாஸ்கிங். உங்க அப்பா, சித்தப்பா யாராவது விண்டோஸ் 3.1 கம்ப்யூட்டர்ல வேலை பார்த்திருந்தா கேட்டுப் பாருங்க. ஒரு ப்ரோகிராம் மாட்டிக்கிச்சுன்னா மொத்த மெஷினும் உறைஞ்சு நிக்கும். ஏன்னா அது கோஆபரேட்டிவ். ஒருத்தன் நகராட்டி எல்லாருக்கும் தண்ணி இல்ல. 1995-ல விண்டோஸ் 95 வந்தப்ப புது 32 பிட் ப்ரோகிராம்களுக்கு ப்ரீஎம்ப்டிவ் முறை வந்தது. உள்ள ஒரு டைமர் ஓடும். நேரம் முடிஞ்சதும் ஆபரேட்டிங் சிஸ்டமே சிபியு-வைப் பிடுங்கி அடுத்த வேலைக்குக் கொடுத்துடும். இன்னிக்கு உங்க போன் வரைக்கும் அதுதான்.

சரி, டேட்டாபேஸ்ல?

இங்கதான் சுவாரசியம். வங்கி, யுபிஐ, சம்பள சாஃப்ட்வேர், மியூச்சுவல் ஃபண்ட் கம்பெனி, எல்லா இடத்துலயும் உங்க பணம் என்பது ஒரு டேபிள்ல ஒரு வரி. அந்த வரியை மாத்தற வேலையை நிறைய இடத்துல டேட்டாபேஸ் உள்ளேயே எழுதி வச்சிருப்பாங்க. "இந்தப் பேர்ல கூப்பிட்டா இந்த வேலைகளை வரிசையாச் செய்"ங்கறது ஸ்டோர்டு ப்ரொசீஜர். "இந்த டேபிள்ல ஏதாவது மாறினா, யாரும் கூப்பிடாமலே இந்த வேலையைச் செய்"ங்கறது ட்ரிக்கர். உங்க பேலன்ஸ் மாறின உடனே ஒரு தணிக்கைப் பதிவு விழறது, எஸ்எம்எஸ் அனுப்பச் சொல்லி ஒரு வரி எழுதறது, இதெல்லாம் ட்ரிக்கர் பண்ற வேலையா இருக்கலாம்.

இந்த வேலைகள் நூத்துக்கணக்குல ஒரே நேரத்துல ஓடும்போது முறை பிரிக்கிறது யாரு? ஒவ்வொரு டேட்டாபேஸும் ஒவ்வொரு மாதிரி.

போஸ்ட்கிரெஸ்ல ஒவ்வொரு கனெக்ஷனுக்கும் ஒரு தனி ப்ராசஸ். முறை பிரிக்கிற வேலையை ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கிட்டயே விட்டுடும். அதனால உங்க ப்ரொசீஜர் முடிவே இல்லாம சுத்தினாலும், அடுத்தவனுக்கு சிபியு கிடைச்சுடும்.

மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வர் வேற மாதிரி. அது தனக்குள்ளேயே ஒரு ஷெட்யூலர் வச்சிருக்கு, அதுவும் கோஆபரேட்டிவ் முறைல. ஒரு வேலைக்கு 4 மில்லிசெகண்டு. அதுக்கப்புறம் அந்த வேலையே "நான் நகர்ந்துக்கறேன்"னு விட்டுக் கொடுக்கணும். அவங்களே எழுதின உள் கோடுங்கறதால ஒழுங்கா விட்டுக் கொடுத்துடும். ஆனா 2005 பதிப்புல வெளி ஆட்கள் சி ஷார்ப் மாதிரி மொழில எழுதின ப்ரொசீஜரையும் உள்ள ஓட விட்டாங்க. வெளி ஆளு நகருவான்னு என்ன நிச்சயம்? அதனால அந்த மாதிரி கோடு ரொம்ப நேரம் நகராம இருந்தா, கண்டுபிடிச்சு வலுக்கட்டாயமா நிறுத்தி வைக்கிற ஏற்பாட்டையும் சேர்த்தாங்க. எங்க அப்பத்தா பண்ணின அதே வேலை.

மூணாவது ரெடிஸ். ரொம்ப வேகமான டேட்டாபேஸ், நிறைய ஆப்ல பின்னாடி இருக்கும். அதுல கட்டளைகளை நிறைவேத்தறது ஒரே ஒரு ஆளு. உள்ள லுவா மொழில ஒரு ஸ்கிரிப்ட் ஓட விட்டா, அது முடியற வரைக்கும் வேற யாருக்கும் முறை கிடையாது. 5 செகண்டு தாண்டினா, கேக்கிறவங்களுக்கு "பிஸி"ன்னு பதில் சொல்ல ஆரம்பிக்கும், அவ்வளவுதான். அதை நிறுத்தணும்னா நீங்களே கட்டளை கொடுக்கணும். அதுவும் அந்த ஸ்கிரிப்ட் இதுவரைக்கும் எதையும் எழுதலைன்னாதான் அந்தக் கட்டளை கேக்கும். ஒரு வரி எழுதியிருந்தாக்கூட நிறுத்த விடாது. பாதி எழுதினதோட விட்டா டேட்டா கெட்டுப் போயிடும்னு பயம்.

அந்தப் பயம்தான் இந்தக் கட்டுரையோட மையம். அதைக் கொஞ்சம் பிடிச்சு வச்சுக்கங்க.

நான் செஞ்ச தப்பு

எங்க சம்பள சாஃப்ட்வேர் எஸ்க்யூஎல் சர்வர்ல ஓடிச்சு. மாசா மாசம் 4-ம் தேதி ராத்திரி 11:30-க்கு ஒரு ப்ரொசீஜர் ஓடும். 7,200 பேரோட சம்பளத்தையும் "இறுதி"ன்னு ஒரே அப்டேட்ல மாத்தும். 12:15-க்கு இன்னொரு வேலை, அந்த டேபிளைப் படிச்சு, வங்கிக்கு அனுப்ப வேண்டிய ஃபைலைத் தயார் பண்ணும். காலைல வங்கிக்குப் போகும். வருஷக்கணக்கா ஓடிக்கிட்டிருந்த ஏற்பாடு.

அந்த மாசம் ஆடிட்காரங்க ஒரு புதுத் தேவை சொன்னாங்க. யாரோட சம்பளம் மாறினாலும் பழைய தொகை, புது தொகை, வருஷ ஆரம்பத்துல இருந்து மொத்தம், எல்லாம் தனி டேபிள்ல பதிவாகணும். "ஒரு ட்ரிக்கர் போட்டா முடிஞ்சது சார்"னு நான்தான் சொன்னேன். எழுதினேன். என்னோட டெஸ்ட் டேட்டாபேஸ்ல 20 பேர் இருந்தாங்க. கண் சிமிட்டற நேரத்துல ஓடிச்சு.

எஸ்க்யூஎல் சர்வர்ல ட்ரிக்கர் ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியா ஓடாது. ஒரு கட்டளைக்கு ஒரு தடவைதான் ஓடும். அந்தக் கட்டளை மாத்தின எல்லா வரியும் மொத்தமாக் கைக்கு வரும். அது எனக்கு அப்ப சரியாப் புரியல. அதனால ட்ரிக்கர் உள்ள ஒரு கர்சர் போட்டு, ஒவ்வொரு ஆளா எடுத்து, வருஷ மொத்தத்தைக் கூட்டிப் பதிவு பண்ற மாதிரி எழுதிட்டேன். இன்டெக்ஸும் கிடையாது. நிஜ டேட்டால ஆளுக்கு ஒரு செகண்டு ஆச்சு. 7,200 செகண்டு. ரெண்டு மணி நேரம். 20 பேருக்கு ஓடினப்ப சின்ன டேட்டா, தெரியல.

இப்ப நீங்க கேக்கலாம்: "ரெண்டு மணி நேரம் ஓடட்டுமே, அதான் 4 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை விட்டுக் கொடுக்குமே?" விட்டுக் கொடுத்துச்சு. அன்னிக்கு ராத்திரி சிபியு 10% கூட ஏறல. பின்னாடி பார்த்தப்ப எனக்கே நம்ப முடியல. சர்வர் சும்மா உட்கார்ந்திருந்துச்சு, வேலை மட்டும் நடக்கல.

காரணம் பூட்டு. லாக்னு சொல்லுவாங்க. ஒரு வரியை மாத்தற கட்டளை, தன் வேலை முழுசா முடியற வரைக்கும் அந்த வரியைப் பூட்டி வச்சிருக்கும். ட்ரிக்கரும் அந்தக் கட்டளையோட ஒரு பாகம். அதனால ட்ரிக்கர் முடியற வரைக்கும் பூட்டு திறக்காது. இதுல இன்னொரு கூத்து: ஒரே கட்டளை ஒரு டேபிள்ல சுமார் 5,000 பூட்டு போட்டா, எஸ்க்யூஎல் சர்வர் "இத்தனை சின்னப் பூட்டு எதுக்கு"ன்னு மொத்த டேபிளையும் ஒரே பூட்டாப் போட்டுடும். எங்களுக்கு 7,200 பேர்.

குழாயடிக்கு வாங்க. எங்க தெருக்குழாய்ல ஒரு ரப்பர் டியூப் இருந்துச்சு. அது இல்லாம குடத்துல தண்ணி விழாது, பாதி ரோட்டுக்குப் போயிடும். ஒரு தடவை ஒரு அத்தை ரெண்டு குடம் பிடிச்சுட்டு, முறைப்படி ஒழுங்கா நகர்ந்துட்டாங்க. ஆனா டியூபைக் கையோட எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க. குழாய் காலியா இருக்கு, தண்ணி வருது, வரிசைல அடுத்த ஆளு குடத்தோட நிக்குது, ஒரு சொட்டு பிடிக்க முடியல. குழாய்தான் சிபியு, டியூப்தான் பூட்டு. குழாயை முறை வச்சுப் பிரிக்கலாம், ஆனா டியூபைக் கையில வச்சிருக்கிறவங்க திரும்பி வர்ற வரைக்கும் எல்லாரும் நிக்கத்தான் வேணும்.

12:15-க்கு ஃபைல் தயார் பண்ற வேலை வந்துச்சு. டேபிள் பூட்டியிருக்கு. காத்திருந்துச்சு. அந்த ப்ரோகிராம்ல ஒரு கட்டளைக்கு டைம்அவுட் 30 செகண்டு, டாட்நெட்ல யாரும் மாத்தாம விட்டா அதுதான். 30 செகண்டு ஆச்சு, பிழைன்னு எழுதிட்டுச் செத்துப் போச்சு. மறுபடி முயற்சி பண்ற ஏற்பாடு இல்ல. 1:30-க்கு என் ட்ரிக்கர் வெற்றிகரமா முடிஞ்சது. காலை 9:30-க்கு ஒருத்தர் வந்து ஃபோல்டரைத் திறந்து பார்த்தப்பதான், வங்கிக்குப் போக வேண்டிய ஃபைலே இல்லைன்னு தெரிஞ்சது. ஓடி ஆடி அனுப்பி, பணம் ஏறும்போது மதியம் 12. அதுக்குள்ள அண்ணனோட மேண்டேட் வந்து போயிடுச்சு.

சரி பண்ணினது எப்படின்னு ஒரு பத்தியில சொல்லிடறேன், டெக் வேலைல இருக்கிறவங்களுக்காக. கர்சரைத் தூக்கிட்டு மொத்த வரிகளையும் ஒரே இன்சர்ட்ல பதிவு பண்ண வச்சோம். வருஷ மொத்தம் கூட்டற கனமான வேலையை ட்ரிக்கர்ல இருந்து வெளிய எடுத்து, ஒரு க்யூ டேபிள்ல போட்டு, பின்னாடி தனியா ஓட விட்டோம். 7,200 பேரையும் ஒரே மூச்சுல மாத்தாம 500, 500 பேரா மாத்தி, ஒவ்வொரு தடவையும் கமிட். ஆளுக்கு ரெண்டு குடம். அடுத்த மாசம் நாலு நிமிஷத்துல முடிஞ்சது. அண்ணனுக்கு 1,180 ரூபாயை நான் கொடுத்தேன். வாங்க மாட்டேன்னார், சட்டைப் பைல வச்சுட்டு வந்தேன்.

பூட்டை மட்டும் ஏன் பிடுங்கக் கூடாது?

ஏன்னா அந்தப் பூட்டுதான் உங்க பணத்தைக் காப்பாத்துது. நீங்க வீட்டுக்கு 5,000 அனுப்பறீங்க. உங்க வரில கழிக்கணும், அம்மா வரில கூட்டணும். கழிச்ச பிறகு, கூட்டறதுக்கு முன்னாடி, "உன் நேரம் முடிஞ்சது"ன்னு பூட்டைப் பிடுங்கினா என்ன ஆகும்? அந்த நேரத்துல யார் வந்து பார்த்தாலும் 5,000 ரூபாய் உலகத்துலயே இல்ல. அதனால டேட்டாபேஸுக்கு ரெண்டே வழி. காத்திரு. இல்லைன்னா அந்த வேலையைக் கொன்னு, செஞ்சதை எல்லாம் ஒண்ணு விடாம திருப்பிப் பழைய நிலைக்குக் கொண்டு வா. திருப்பறதுக்கும் நேரம் ஆகும். ஒரு மணி நேரம் ஓடின வேலையைக் கொன்னா, அதைத் திருப்பி எழுத இன்னொரு மணி நேரம் ஆகலாம். அதுவரைக்கும் பூட்டு அப்படியே இருக்கும்.

இந்தச் சிக்கல் செவ்வாய் கிரகம் வரைக்கும் போயிருக்கு. 1997 ஜூலை 4-ம் தேதி நாசாவோட மார்ஸ் பாத்ஃபைண்டர் அங்க இறங்கிச்சு. சில நாள்ல அதோட கம்ப்யூட்டர் தானா ரீஸ்டார்ட் ஆக ஆரம்பிச்சது. அதுல இருந்தது சுத்தமான ப்ரீஎம்ப்டிவ் சிஸ்டம்தான். ஒரு முக்கியம் குறைஞ்ச வேலை ஒரு பூட்டைக் கையில வச்சிருந்துச்சு. நடுத்தர முக்கியத்துவம் உள்ள வேலை வந்து அதைத் தள்ளி வச்சுட்டு ஓடிச்சு. ரொம்ப முக்கியமான வேலை அந்தப் பூட்டுக்காகக் காத்து நின்னுச்சு. ரொம்ப நேரம் முடியலைன்னதும், கண்காணிப்பு ஏற்பாடு ரீஸ்டார்ட் பண்ணிடுச்சு. பூட்டு வச்சிருக்கிறவனுக்குத் தற்காலிகமா உயர்ந்த முன்னுரிமை கொடுக்கிற ஒரு செட்டிங்கை பூமில இருந்து ஆன் பண்ணித்தான் சரி செஞ்சாங்க. டியூப் வச்சிருக்கிற அத்தையை வழில நிறுத்தி யாரும் பேச்சுக் கொடுக்காதீங்கன்னு சொல்ற மாதிரி.

நாடு முழுக்க ஒரு குழாயடி

2025 ஆகஸ்ட்ல யுபிஐ பரிவர்த்தனைகள் ஒரே மாசத்துல 2,000 கோடியைத் தாண்டிச்சு. அந்த வருஷமே மார்ச் 26-லயும் ஏப்ரல் 12-லயும் யுபிஐ பல மணி நேரம் தடுமாறினது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். டீக்கடைல போனை வச்சுக்கிட்டு நின்னிருப்பீங்க. ஏப்ரல் தடுமாற்றத்துக்கு என்பிசிஐ கண்டுபிடிச்ச காரணத்தைப் பாருங்க: "அந்தப் பரிவர்த்தனை என்ன ஆச்சு?"ன்னு விசாரிக்கிற கோரிக்கைகள் வெள்ளமா வந்தது. சில வங்கிகளோட சிஸ்டம் பழைய பரிவர்த்தனைகளுக்குக்கூட திரும்பத் திரும்பக் கேட்டுக்கிட்டே இருந்திருக்கு. பணம் அனுப்பறவங்களைவிட, பணம் போச்சான்னு கேக்கிறவங்க கூட்டம் குழாயை அடைச்சிருக்கு.

அதுக்கப்புறம் என்பிசிஐ கொண்டு வந்த விதிகள் எங்க அப்பத்தா விதி மாதிரியே இருக்கும். 2025 ஆகஸ்ட் 1 முதல் ஒரு ஆப்ல 24 மணி நேரத்துக்கு 50 தடவைக்கு மேல பேலன்ஸ் பார்க்க முடியாது. ஒரு பரிவர்த்தனை நிலையை மூணு தடவைக்கு மேல விசாரிக்கக் கூடாது, நடுவுல இடைவெளி விடணும். ஆட்டோபே பிடித்தம் எல்லாம் கூட்டம் இல்லாத நேரத்துலதான். காலை 10-ல இருந்து 1 மணி, சாயங்காலம் 5-ல இருந்து 9:30, இந்த ரெண்டு நேரமும் கூட்ட நேரம். ஓடிடி சந்தா, எஸ்ஐபி, யுபிஐ வழியாப் பிடிக்கிற எதுவா இருந்தாலும் இதைத் தவிர்த்த நேரத்துலதான் ஓடும். இதுல உங்களுக்கு ஒரு செய்தி இருக்கு: காலை 10-க்கு முன்னாடியே பிடித்தம் வரலாம். "மதியம் போட்டுக்கலாம்"னு இருக்காதீங்க.

ராத்திரி வேலை கெட்டா எவ்வளவு கெடும்ங்கறதுக்கு பிரிட்டன்ல ஒரு பெரிய உதாரணம். 2012 ஜூன்ல ஆர்பிஎஸ் வங்கிக் குழுமத்துல, ராத்திரி வேலைகளை வரிசைப்படுத்தற ஷெட்யூலர் சாஃப்ட்வேரை அப்டேட் பண்ணப் போயி கோளாறு ஆச்சு. 65 லட்சம் வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டாங்க. சம்பளம் ஏறல, கட்ட வேண்டியது கட்ட முடியல, வாரக்கணக்குல இழுத்துச்சு. 2014-ல அந்த நாட்டு ஒழுங்குமுறை அமைப்புகள் ரெண்டும் சேர்ந்து 5.6 கோடி பவுண்டு அபராதம் போட்டாங்க. நம்ம ஊர்லயும் ரிசர்வ் வங்கி சும்மா இருக்கல. தொடர் தடங்கலுக்காக 2020 டிசம்பர்ல எச்டிஎஃப்சி வங்கியையும், ஐடி குறைபாடுகளுக்காக 2024 ஏப்ரல்ல கோட்டக் மஹிந்திரா வங்கியையும் புது கிரெடிட் கார்டு கொடுக்கறதை நிறுத்தச் சொன்னது. பிறகு சரியானதும் தடையை நீக்கினாங்க.

இப்ப உங்க பர்ஸுக்கு வருவோம்

சர்வரை நம்மால சரி பண்ண முடியாது. வரிசைல எங்க நிக்கிறோம்ங்கறது மட்டும் நம்ம கைல இருக்கு.

சம்பளத் தேதியும் இஎம்ஐ தேதியும் ஒரே நாளா இருக்கக் கூடாது. இதை நான் பத்து வீடியோல சொல்லியிருப்பேன், இப்பதான் காரணம் சொல்றேன். சம்பளம் ஏர்றது ஒரு கம்பெனியோட ராத்திரி வேலை, வங்கியோட ஃபைல் வேலை, இப்படி நாலு கை மாறி வருது. மேண்டேட் வர்றது வேற பாதை. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு காத்திருக்காது. சம்பளம் 1-ம் தேதின்னா இஎம்ஐ 7 அல்லது 10. ஓடிக்கிட்டிருக்கிற கடனுக்குத் தேதி மாத்தச் சில இடத்துல ஒத்துக்குவாங்க, சில இடத்துல மாட்டாங்க. புதுக் கடன் எடுக்கிறவங்க கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க. இன்னொண்ணு, 2021 ஆகஸ்ட் 1-ல இருந்து நாச் எல்லா நாளும் ஓடுது. "5-ம் தேதி ஞாயித்துக்கிழமை, திங்கள்தான் வரும்"னு உங்க அண்ணன் சொன்னது பழைய கதை.

தேதி மாத்த முடியலைன்னா, இஎம்ஐ போற அக்கவுன்ட்ல எப்பவும் ஒரு தவணை கூடுதலா இருக்கட்டும். எமர்ஜென்சி ஃபண்டைத் தனியா ஃபிக்ஸட்ல போட்டு வச்சுட்டு, இந்த அக்கவுன்ட்ல 1,100 ரூபாயோட நிக்கிறவங்க நிறையப் பேரைப் பார்த்திருக்கேன். எமர்ஜென்சி வர்ற இடமே இதுதான்.

பவுன்ஸ் ஆகியே போச்சா? பதறாதீங்க, ஆனா அன்னிக்கே செய்யுங்க. கடன் தவணை தவறினதா இல்லையாங்கறதை அந்தத் தேதியோட நாள் முடிவுக் கணக்குல குறிக்கணும்னு ரிசர்வ் வங்கி 2021 நவம்பர்ல தெளிவுபடுத்தியிருக்கு. அதாவது காலைல மேண்டேட் திரும்பினாலும், அதே நாள் சாயங்காலத்துக்குள்ள கடன் கம்பெனியோட ஆப்ல போயி நேராக் கட்டிட்டா, பவுன்ஸ் கட்டணம் வரலாம், ஆனா தவணை தவறின நாள் கணக்குல ஏறாது. அதுதான் சிபில்ல போயி உட்காரும். எங்க அண்ணன் மதியமே கட்டியிருக்கலாம். "அவங்களே மறுபடி எடுத்துக்குவாங்க"ன்னு மூணு நாள் விட்டுட்டார். கிரெடிட் கார்டுக்குக் கொஞ்சம் சலுகை உண்டு. கெடு தேதி தாண்டி மூணு நாளுக்கு மேல ஆனாதான் தாமதக் கட்டணமும் சிபில் ரிப்போர்ட்டும். கடனுக்கு அது கிடையாது, ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

யுபிஐ-ல "பெண்டிங்"னு வந்தா, அது தோத்துப் போச்சுன்னு அர்த்தம் இல்ல. எங்கயோ காத்திருக்குன்னு அர்த்தம். உடனே மறுபடி அனுப்பினா ரெண்டு தடவை போயிடலாம். ஸ்கிரீன்ஷாட்டும் பரிவர்த்தனை எண்ணும் எடுத்து வைங்க. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர்ல போட்ட உத்தரவு ஒண்ணு இருக்கு. ஆளுக்கு ஆளு அனுப்பற யுபிஐ-ல பணம் கழிஞ்சு எதிராளிக்கு ஏறலைன்னா, அடுத்த நாளுக்குள்ள தானா திரும்பி வரணும். கடைக்குக் கட்டினது கழிஞ்சும் கடைக்காரருக்கு உறுதி வரலைன்னா அஞ்சு நாளுக்குள்ள. ஏடிஎம்-ல பணம் வராம கழிஞ்சாலும் அஞ்சு நாள். தாண்டினா ஒரு நாளைக்கு 100 ரூபாய் வீதம் நஷ்டஈடு, நீங்க கேக்காமலே தரணும். நிஜத்துல கேட்டாத்தான் கிடைக்கும், அதனால கேளுங்க. வங்கிக்குப் புகார் கொடுத்து 30 நாள்ல பதில் வரலைன்னா, அல்லது பதில் திருப்தி இல்லைன்னா, ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேன்கிட்ட ஆன்லைன்லயே போகலாம். கட்டணம் கிடையாது. வழி தெரியலைன்னா 14448-க்குக் கூப்பிடுங்க, தமிழ்லயும் பேசலாம்.

கம்பெனியோட தவறால சம்பளம் லேட் ஆகி உங்களுக்கு பவுன்ஸ் கட்டணம் விழுந்தா, அந்த எஸ்எம்எஸ்-ஐ வச்சு எச்ஆர்-க்கு ஒரு மெயில் போடுங்க. கூச்சப்படாதீங்க. சில கம்பெனி திருப்பித் தந்துடுவாங்க, சிலர் சம்பளத் தாமதம்னு ஒரு கடிதமாவது தருவாங்க. அந்தக் கடிதத்தைக் காட்டி வங்கிகிட்டயும் கடன் கம்பெனிகிட்டயும் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம். எங்க ஆபீஸ்ல அந்த மாசம் மெயில் போட்டது ரெண்டே பேர். ரெண்டு பேருக்கும் பணம் திரும்பக் கிடைச்சது. டீ கொண்டு வர்ற அண்ணனுக்கு மெயில் ஐடியே கிடையாது.

அடுத்த வீடியோல, உங்க பேர்ல எத்தனை மேண்டேட் ஓடுது, எந்தத் தேதில வருதுன்னு வங்கி ஆப்லயே எப்படிப் பார்க்கிறதுன்னு ஸ்கிரீன்ல காட்டறேன். நெட் பேங்கிங் பாஸ்வேர்டு மறந்தவங்க இந்த வாரத்துக்குள்ள ரீசெட் பண்ணி வச்சுக்கங்க.